எது முடிந்த ஓவியம்? மனப்பதிவியத்தின் தோற்றமும் பிரெஞ்சு அகாதமி மரபும்

ஆய்வுச் சுருக்கம்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் தோன்றிய இம்ப்ரெஷனிசம் என்னும் மனப்பதிவிய ஓவியம், அகாதமி விதிகளுக்கு எதிரான கலகமாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. அவ்விளக்கத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. விரைந்த தூரிகை வீச்சு, திறந்தவெளியில் தீட்டுதல், ஒளியின் கணநேர நிலையைப் பதிதல் ஆகிய மூன்றும் அகாதமிப் பயிற்சிக்குள் முன்னரே இடம்பெற்றிருந்தன. அகாதமி அவற்றைத் தடைசெய்யவில்லை. பொதுக்காட்சிக்கு உரியவை அல்ல என்று வரையறுத்தது. ஆகவே, ஓர் ஓவியம் முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் யாருக்குரியது என்னும் கேள்வியே முறிவின் மையம் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: மனப்பதிவியம், அகாதமி, சலோன், வரைவு, மெருகு, மோனே, கோரோ, 1874 கண்காட்சி.

முன்னுரை

மனப்பதிவியத்தின் தோற்றத்தைக் கூறும் நூல்கள் பலவும் ஒரே கதையைத் திரும்பச் சொல்கின்றன. இறுகிப்போன அகாதமி, இருண்ட பட்டறை, அவற்றைத் துறந்து வெயிலுக்கு வந்த இளைஞர்கள், அவர்களை எள்ளி நகையாடிய விமர்சகர்கள், இறுதியில் புதுமையின் வெற்றி என்பது அக்கதையின் போக்கு. இக்கதையில் உண்மை இல்லாமலில்லை. எனினும், அகாதமி எதைக் கற்பித்தது, எதை ஏற்க மறுத்தது என்னும் இரண்டையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. கற்பித்ததற்கும் மறுத்ததற்கும் இடையிலிருந்த இடைவெளியில்தான் மனப்பதிவியம் முளைத்தது. ஆல்பர்ட் புவாம் 1971-இல் வெளியிட்ட பிரெஞ்சு அகாதமி பற்றிய ஆய்வு இவ்விடைவெளியை முதன்முதலில் விரிவாகக் காட்டியது. அவ்வழியில் சென்று, ஓவியர்களின் கடிதங்களையும் அக்கால விமர்சனங்களையும் ஓவியங்களையும் ஒருங்கே வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

அகாதமியும் சலோனும்

பிரான்சின் அரச ஓவிய, சிற்ப அகாதமி 1648-இல் நிறுவப்பட்டது. புரட்சிக் காலத்தில் கலைக்கப்பட்டு, பின்னர் நுண்கலை அகாதமி என்னும் புதிய வடிவில் நிலைபெற்றது. அகாதமிச் சிந்தனையின் அடித்தளமாக அமைந்த வகைமைப் படிநிலையை ஆந்த்ரே ஃபெலிபியன் 1667-ஆம் ஆண்டு அகாதமி உரைகளுக்கு எழுதிய முன்னுரையில் வகுத்துக் கூறினார். வரலாறு, புராணம், சமயம் சார்ந்த ஓவியம் அப்படிநிலையின் உச்சியிலும் அசைவற்ற பொருள்களின் ஓவியம் அடியிலும் வைக்கப்பட்டன. உருவப்படமும் நிலக்காட்சியும் இடைப்படிகளில் நின்றன.

இப்படிநிலையை நடைமுறைப்படுத்தியது சலோன் என்னும் அரசுக் கண்காட்சி. தனியார் காட்சிக்கூடங்கள் பெருகாத காலத்தில் ஓவியர் ஒருவர் பொதுமக்களையும் வாங்குவோரையும் அரசையும் ஒருசேர அடைவதற்கு அதைவிடப் பெரிய வாயில் இல்லை. அங்கு நுழைவதைத் தீர்மானித்தது நடுவர் குழு. 1863-இல் 5000-க்கும் மேற்பட்ட படைப்புகள் வந்தபோது பாதிக்கும் மேற்பட்டவற்றை அக்குழு நிராகரித்தது. எழுந்த கூக்குரலைத் தணிக்க, நிராகரிக்கப்பட்டவற்றைத் தனியே காட்சிப்படுத்த மூன்றாம் நெப்போலியன் ஆணையிட்டார். எத்துவார் மானேயின் ‘புல்வெளியில் பகலுணவு’ அங்குத்தான் நகைப்புக்கு உள்ளானது. அதே ஆண்டு முதன்மைச் சலோனில் இடம்பெற்ற அலெக்சாந்தர் கபனெலின் ‘வீனசின் பிறப்பு’ என்னும் ஓவியத்தைப் பேரரசரே விலைக்கு வாங்கினார். இரண்டிலும் ஆடையற்ற பெண்ணுருவம் உண்டு. ஒன்றில் அது புராணப் போர்வையிலும் தூரிகைத் தடமே தெரியாத மெருகிலும் பொதிந்திருந்தது. மற்றொன்றில் அவ்விரு போர்வைகளும் இல்லை.

அகாதமிக்குள் வரைவின் இடம்

அகாதமிப் பயிற்சியில் ஓர் ஓவியம் பல நிலைகளைக் கடந்தே நிறைவெய்தியது. காட்சியமைப்பை முதன்முதலில் விரைந்து பதியும் எஸ்கீஸ் என்னும் கருவரைவு, இயற்கையையோ மாதிரியையோ நேரில் கண்டு ஒரு பகுதியைப் பயிலும் எத்யூத் என்னும் பயில்வரைவு, இறுதித் துணியின்மீது அடியாக இடப்படும் எபோஷ் என்னும் முதற்பூச்சு ஆகியவை அந்நிலைகள். இவற்றின்மீது பொறுமையாகச் சேர்க்கப்படும் மெருகே ஃபினி எனப்பட்டது. மெருகு முற்றிய பின்னரே அது தாப்லோ, அதாவது காட்சிக்குரிய முழு ஓவியம் ஆயிற்று.

தொடக்க நிலைகளை அகாதமி இழிவாகக் கருதவில்லை. ரோமாபுரிப் பரிசுப் போட்டியின் அமைப்பே அதற்குச் சான்று. தேர்வின் முதற்கட்டத்தில் போட்டியாளர் ஒரே நாளில் வண்ணக் கருவரைவு ஒன்றைத் தீட்ட வேண்டும். இறுதிக்குத் தேர்வான பத்துப் பேரும் தனியறைகளில் முதலில் ஒரு கருவரைவை முடித்து, அதிலிருந்து பெரிதும் விலகாமல் 72 நாள்களில் முழு ஓவியத்தை உருவாக்க வேண்டும். கலைஞனின் கற்பனை வேகம் கருவரைவில்தான் வெளிப்படுகிறது என்பதை அகாதமி அறிந்திருந்தது. அதனாலேயே அதைத் தேர்வின் அளவுகோலாகவும் ஆக்கியது. எனினும் கருவரைவு பட்டறைக்கும் தேர்வறைக்கும் உரியது. பொதுமக்கள் முன் வருவது மெருகேறிய ஓவியம் மட்டுமே. வேகத்துக்கும் நிறைவுக்கும் இடையே அகாதமி எழுப்பிய சுவர் அழகியல் சார்ந்தது என்பதைக் காட்டிலும் இடம் சார்ந்தது எனலாம்: ஒன்று உள்ளே இருக்க வேண்டும், மற்றொன்று வெளியே வர வேண்டும்.

திறந்தவெளி: வாலன்சியன் முதல் கோரோ வரை

திறந்தவெளியில் தீட்டுதல் மனப்பதிவியர்களின் கண்டுபிடிப்பு என்னும் கருத்தும் திருத்தத்துக்குரியது. புதுச் செவ்வியல் நிலக்காட்சி ஓவியரான பியேர்-ஆன்ரி த வாலன்சியன், 1800-ஐ ஒட்டி வெளியான தம் காட்சிக்கோண நூலில், வெட்டவெளியில் எண்ணெய் வண்ணத்தால் பயில்வரைவு தீட்டுமாறு மாணவர்களுக்கு அறிவுறுத்தினார். ஒளி மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு வரைவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவிடக் கூடாது, கதிரவன் எழும்போதும் மறையும்போதும் அரைமணி நேரமே போதும் என்று அவர் வரையறுத்தார். ஒளியின் கணநேரத் தன்மையை முன்னிறுத்தும் இவ்வறிவுரை மோனே பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே அகாதமி சார்ந்த ஆசிரியர் ஒருவரால் அச்சில் தரப்பட்டது. 1817-இல் வரலாற்று நிலக்காட்சிக்கென ரோமாபுரிப் பரிசு ஏற்படுத்தப்பட்டபோது இப்பயிற்சி மேலும் வலுப்பெற்றது.

இப்பயிற்சியின் எல்லையைக் காமிய் கோரோவின் நார்னி ஓவியங்கள் தெளிவாக்குகின்றன. 1826-இல் இத்தாலியின் நார்னி நகரருகே சிதைந்த உரோமானியப் பாலத்தைக் கண்டு அவர் தீட்டிய பயில்வரைவு இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. முன்னிலம் அதில் சில பரந்த வீச்சுகளாகவே விடப்பட்டிருக்கிறது. ஆற்றின்மீது விழும் ஒளியும் தொலைவின் நீலமும்தான் அதன் பொருள். 1827 சலோனுக்கு அனுப்பிய ஓவியத்தில் அதே பாலம் இருக்கிறது. ஆனால் முன்னிலத்தில் பாதையும் ஆயர்களும் கால்நடைகளும் குடைபோல் விரிந்த பைன் மரங்களும் வந்து சேர்ந்துள்ளன. சட்டகம் செவ்வியல் ஒழுங்குக்குள் அடங்கிவிட்டது. இரண்டையும் தீட்டியவை ஒரே கைகள். பின்னர் வந்த தலைமுறை முதலாவதையே போற்றியது. கோரோவோ இரண்டாவதையே உலகின் பார்வைக்கு அனுப்பினார். கண்ணும் கையும் புதுமைக்கு ஆயத்தமாயிருந்தபோதும், எது காட்சிக்குரியது என்னும் தீர்ப்பு அவர் வசம் இல்லை, அல்லது அதைத் தம் வசப்படுத்த அவர் அப்போது முனையவில்லை என்பதை இவ்விணை உணர்த்துகிறது.

கருவிகள் தரும் விளக்கம் போதுமா?

மனப்பதிவியத்துக்குக் காரணமாகத் தொழில்நுட்பத்தைக் கூறும் மரபும் வலுவானது. ஜான் கோஃப் ராண்ட் 1841-இல் காப்புரிமை பெற்ற தகரக் குழாய் வண்ணங்களை வெளியே எடுத்துச் செல்வதை எளிதாக்கியது. 1828-இல் கிமே அறிமுகப்படுத்திய செயற்கை அல்ட்ராமரீன், 1859-இல் கினியே காப்புரிமை பெற்ற விரிதியன் பச்சை போன்றவை வண்ணத்தட்டை ஒளிரச் செய்தன. மிஷெல் செவ்ரல் 1839-இல் வெளியிட்ட வண்ண முரண் பற்றிய நூல், அருகருகே அமையும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதத்தை விளக்கியது. தொடர்வண்டி பாரிசுக்காரர்களை ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் கொண்டு சேர்த்தது.

இவையனைத்தும் உண்மையே. ஆயினும் வாலன்சியனின் மாணவர்கள் தகரக் குழாய் வருவதற்கு முன்பே, பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்த வண்ணங்களைச் சுமந்து வெளியே சென்று தீட்டினர். கருவிகள் வேலையை எளிதாக்கின, நிறங்களைக் கூர்மையாக்கின. வெளியே தீட்டியதை அப்படியே கண்காட்சிச் சுவரில் மாட்டலாம் என்னும் துணிவை அவை தந்திருக்க இயலாது. அத்துணிவின் வரலாற்றை நிறுவனங்களில் தேட வேண்டும்.

கிளெய்ரின் பட்டறையும் சலோன் வாயிலும்

குளோத் மோனே, ஒகுஸ்த் ரெனுவார், ஆல்ஃபிரெட் சிஸ்லி, ஃபிரெதெரிக் பசீல் ஆகிய நால்வரும் 1862-இல் ஷார்ல் கிளெய்ரின் பட்டறையில் சந்தித்தனர். அப்பட்டறையை மோனே உடனடியாகத் துறந்ததாகக் கூறும் கதை, 1900-இல் அவர் அளித்த நேர்காணலிலிருந்து பரவியது. ஏறத்தாழ நாற்பதாண்டுக்குப் பின் சொல்லப்பட்ட நினைவு அது. கிளெய்ர் கட்டணம் பெறாமல் இட வாடகைக்கும் மாதிரிகளுக்குமான தொகையை மட்டும் வாங்கியவர். நிலக்காட்சிப் பயிற்சியைத் தடுத்தவரும் அல்லர்.

அடுத்து வந்த ஆண்டுகளில் இவ்விளைஞர்கள் சலோனைத் துறக்கவில்லை. அதன் வாயிலில் காத்திருந்தனர். 1865-இல் மோனேயின் இரு கடற்காட்சிகளும் 1866-இல் ‘கமீய்’ என்னும் உருவப்படமும் ஏற்கப்பட்டுப் பாராட்டும் பெற்றன. 1866-இல் தொடங்கிய ‘தோட்டத்தில் பெண்கள்’ இரண்டரை மீட்டர் உயரமுடையது. திறந்தவெளியிலேயே அதைத் தீட்டும்பொருட்டு மோனே நிலத்தில் பள்ளம் தோண்டித் துணியை ஏற்றி இறக்கியது அறியப்பட்ட செய்தி. இவ்வளவு பெரிய அளவு நிலக்காட்சிப் பயில்வரைவுக்கு உரியதன்று. சலோனுக்குரிய வரலாற்று ஓவியத்தின் அளவு அது. பயில்வரைவின் முறையை முழு ஓவியத்தின் அளவுக்கு உயர்த்த முயன்ற இப்படைப்பை 1867-இன் நடுவர் குழு நிராகரித்தது. நண்பருக்குத் துணைநிற்கும் பொருட்டு அதைப் பசீல் 2500 பிராங்குக்கு, மாதத் தவணையில் வாங்கினார். அவ்வாண்டிலேயே தங்கள் செலவில் தனிக் கண்காட்சி நடத்தும் திட்டத்தைப் பற்றிப் பசீல் பெற்றோருக்கு எழுதினார். பணம் திரளாததால் அது கைவிடப்பட்டது. 1870 நவம்பரில் பிரஷ்யப் போரில் மாண்ட அவர், அத்திட்டம் நிறைவேறியதைக் காணவில்லை.

1869: மோனே செய்த பாகுபாடு

1869 கோடையில் மோனேயும் ரெனுவாரும் சேன் ஆற்றின் லா கிரெனுய்யேர் என்னும் நீராடு துறையில் அருகருகே அமர்ந்து தீட்டினர். நீரின்மீதான ஒளியைத் துண்டு துண்டான கிடைவீச்சுகளாகப் பிரித்துக் காட்டும் அவ்வோவியங்களை மனப்பதிவிய நடையின் பிறப்பிடமாகக் கலை வரலாறு போற்றுகிறது. ஆனால் அவ்வாண்டு செப்டம்பரில் பசீலுக்கு எழுதிய கடிதத்தில் மோனே அவற்றை மோசமான சில விரைவு வரைவுகள் என்றே குறிப்பிடுகிறார். அத்துறையைப் பற்றி ஒரு முழு ஓவியம் தீட்டுவதே தம் கனவு என்றும் அதற்கான ஆயத்தமே இவ்வரைவுகள் என்றும் அவர் கருதினார்.

இக்கடிதம் கலகக் கதையின் அடிப்படையையே அசைக்கிறது. இன்று புதிய கலையின் தொடக்கமாகக் கருதப்படும் ஓவியங்களைத் தீட்டியவரே அகாதமியின் சொற்களால் அளந்து, அவை முடியாதவை என்று தீர்ப்பளித்திருக்கிறார். கை முன்னே சென்றுவிட்டது. சொல் இன்னும் பழைய பட்டறையில் நின்றது. அடுத்த ஆண்டு சலோன் அவருடைய ஓவியங்களை மீண்டும் நிராகரித்தபோது, நடுவர் குழுவில் இருந்த ஷார்ல்-ஃபிரான்சுவா தோபீன்யி எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார். தோபீன்யியும் இவ்வழக்கில் முன்னரே குற்றஞ்சாட்டப்பட்டவர். அவர் நுணுக்கங்களைப் புறக்கணித்து வெறும் மனப்பதிவோடு நின்றுவிடுகிறார் என்று தியோஃபீல் கோத்தியே 1861 சலோன் விமர்சனத்தில் குறைகூறியிருந்தார். ஆகவே ‘இம்ப்ரெஷன்’ என்னும் சொல் 1874-இல் தற்செயலாகப் பிறந்த கேலிச்சொல் அன்று. முடிவுபெறாத ஓவியத்தைக் குறிக்க விமர்சனம் முன்னரே பயன்படுத்திய சொல் அது.

1874: கண்காட்சியும் விமர்சனமும்

1873 டிசம்பர் 27-இல் ஓவியர், சிற்பி, செதுக்கோவியர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் முதல் கண்காட்சி 1874 ஏப்ரல் 15 முதல் மே 15 வரை, நாதாரின் முன்னாள் ஒளிப்படக் கூடத்தில் நடைபெற்றது. ஏறத்தாழ முப்பது கலைஞர்களின் 165 அளவிலான படைப்புகள் வைக்கப்பட்டன. நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்கு. நடுவர் குழு இல்லை, பரிசு இல்லை. சங்கத்தின் பெயரில் அழகியல் கொள்கை எதுவும் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அவர்களை ஒன்றிணைத்தது காட்சிப்படுத்தும் உரிமையே.

மோனே அங்கு வைத்த படைப்புகளின் தேர்வு கூர்ந்து நோக்கத்தக்கது. ‘மனப்பதிவு, சூரியோதயம்’ அவற்றுள் ஒன்று. லெ ஆவர் துறைமுகத்தின் காட்சி என்று பெயரிடத் தகாது என்பதால் ‘மனப்பதிவு’ என்று போடச் சொன்னதாக அவரே பிற்காலத்தில் விளக்கினார். அதே கண்காட்சியில் 1870 சலோன் நிராகரித்த ‘பகலுணவு’ என்னும் பெரிய ஓவியமும் இருந்தது. வரைவையும் முழு ஓவியத்தையும் அவர் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தார். ஆயினும் ஒன்றுக்கு மட்டும் ‘மனப்பதிவு’ என்று பெயரிட்டு வேறுபாட்டையும் காத்துக்கொண்டார். சுவர் இடிந்தது கண்காட்சிக் கூடத்தில். சொல்லில் அது இன்னும் நின்றது.

லூயி லெருவா ‘ல ஷாரிவாரி’ இதழில் ஏப்ரல் 25 அன்று எழுதிய அங்கதத்தில், பரிசுகள் பல பெற்ற நிலக்காட்சி ஓவியர் ஒருவர் கண்காட்சியைச் சுற்றிவந்து சித்தம் கலங்குகிறார். மோனேயின் கடற்காட்சியைவிட உருவாகத் தொடங்கிய சுவர்த்தாள்கூட மெருகேறியது என்பது அக்கற்பனைப் பாத்திரத்தின் தீர்ப்பு. அப்பாத்திரத்தை லெருவா, பெர்தேன் என்பவரின் மாணவராக அறிமுகப்படுத்துகிறார். அது ழான்-விக்தோர் பெர்தேனைக் குறிப்பதாகக் கொண்டால், அங்கதத்தில் எழுத்தாளர் எண்ணியிராத ஒரு முரண் வெளிப்படும்; அந்தப் பெர்தேன் வாலன்சியனின் மாணவர், கோரோவின் ஆசிரியர். மனப்பதிவியரைக் கண்டு மயங்கி விழுபவர் அவர்களுடைய மூதாதையர் வழியிலேயே வந்தவராகிறார்.

நான்கு நாள் கழித்து ‘ல சியேக்ள்’ இதழில் எழுதிய காஸ்தான்யாரியின் பார்வை ஆழமானது. இவர்கள் நிலக்காட்சியைக் காட்டிலும் அது எழுப்பும் உணர்வையே தருகின்றனர் என்னும் அவர் கூற்று பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. அதனினும் முதன்மையான மற்றொரு கூற்று அதிகம் கவனிக்கப்படுவதில்லை: மனப்பதிவைப் பற்றிப் பதித்ததும் தம் பணி முடிந்ததென இவர்கள் அறிவித்துவிடுகின்றனர் என்றார் அவர். ‘அறிவித்தல்’ என்னும் வினையே இங்கு உயிர்நிலை. அதுவரை நடுவர் குழு அறிவித்ததை இப்போது ஓவியர் அறிவிக்கிறார். அக்காலத்தில் நிகழ்ந்த மாற்றத்தை இவ்வளவு துல்லியமாகப் பெயரிட்டவர் வேறொருவர் இல்லை எனலாம்.

இவ்வறிவிப்புக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. சங்கம் அவ்வாண்டு டிசம்பரிலேயே கலைக்கப்பட்டது. 1874-இல் 800 பிராங்குக்கு விற்ற ‘மனப்பதிவு, சூரியோதயம்’ 1878-இல் 210 பிராங்குக்கே விலைபோனது. துரான்-ருவெல் போன்ற வணிகர்களும் ஆதரவு விமர்சகர்களும் இணைந்து உருவாக்கிய புதிய அமைப்பே பின்னர் ஓவியர்களைத் தாங்கியது. ஹாரிசன் வைட்டும் சிந்தியா வைட்டும் 1965-இல் இதனை வணிகர்-விமர்சகர் அமைப்பு என்று பெயரிட்டு விளக்கினர். அறிவிக்கும் அதிகாரம் ஓவியரிடம் தனித்து நிற்கவில்லை. சந்தையின் துணையோடு நின்றது.

குழுவுக்குள் வேறுபாடுகள்

எட்கார் தெகா திறந்தவெளித் தீட்டலை ஏற்காதவர். கண்காட்சிக்கு ஆள் சேர்க்கையில் அவர் அதை யதார்த்தவாதிகளின் சலோன் என்றே கருதினார். 1876-இல் அவர் வைத்த நியூ ஆர்லியன்ஸ் பருத்தி அலுவலக ஓவியம் மெருகில் எந்தச் சலோன் ஓவியத்துக்கும் குறைந்ததன்று. ஆனால் அவர் முடிக்க முற்படும்போது கெடுத்துவிடுகிறார், வரைவுகளே சிறந்தவை என எமில் சோலா அவ்வாண்டு எழுதினார். இரண்டே ஆண்டுகளில் குற்றச்சாட்டு தலைகீழாகியது; மெருகே குறையாகத் தோன்றத் தொடங்கியது.

பெர்த் மொரிசோவின் நிலை வேறு. அரசு நுண்கலைப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. கோரோவிடம் பயின்று 1864 முதல் சலோனில் பலமுறை இடம்பெற்ற அவர், ஏற்கப்பட்டிருந்த வாயிலைத் தாமே விட்டு 1874 கண்காட்சிக்கு வந்தார். தம்மை மாணவியாக ஏற்றிராத நிறுவனத்திலிருந்து பிரிவதை ஆண் ஓவியர்களின் ‘முறிவு’ என்னும் சொல்லால் குறிக்க முடியுமா என்பது இவ்வரலாற்றில் உரிய இடம் பெறாத கேள்வி.

மெருகின் மறுவரவு

1880-இல் மோனே மீண்டும் சலோனை நாடினார். தமக்கு உவந்த ஓவியம் நிராகரிக்கப்படும் என்பதால் நடுத்தர வர்க்கச் சுவைக்கேற்ற அடக்கமான ஒன்றையும் தீட்ட நேர்ந்ததாக தியோதோர் துயுரேவுக்கு எழுதினார். கருதியவாறே ஒன்று ஏற்கப்பட்டது, மற்றொன்று திருப்பப்பட்டது. ஆறாண்டுக்குப் பின்னும் இரட்டை அளவுகோல் நீடித்ததற்கு இது சான்று.

‘உடனடித் தன்மை’ என்பதும் எளிய பொருளுடையதன்று. 1870-இல் மோனே துருவில் கடற்கரையில் தீட்டிய ஓவியம் ஒன்றின் வண்ணத்தில் மணல்துகள்கள் ஒட்டியிருக்கின்றன; அது கடற்கரையிலேயே தீட்டப்பட்டதற்கு அவையே சாட்சி. மறுபுறம், அவருடைய துணிகளில் உலர்ந்த அடுக்குகளின்மீது பலமுறை அடுக்கப்பட்ட தூரிகைத் தடங்களை ராபர்ட் ஹெர்பர்ட் 1979-இல் எடுத்துக்காட்டினார். விரைவின் தோற்றம் மெதுவாக ஆக்கப்பட்டது. வைக்கோற்போர் வரிசையில் ஈடுபட்டிருந்த 1890 அக்டோபரில், ஒரே வீச்சில் எளிதாக வருபவை தமக்கு வெறுப்பூட்டுவதாக குஸ்தாவ் ஜெஃப்ருவாவுக்கு அவர் எழுதினார். முடிவு என்னும் கருத்து மறையவில்லை. அளவுகோல் நடுவர் குழுவிடமிருந்து ஓவியரின் கண்ணுக்கு இடம்பெயர்ந்தது.

முடிவுரை

மனப்பதிவியம் அகாதமிக்கு வெளியிலிருந்து வந்து அதைத் தாக்கிய இயக்கம் அன்று. அகாதமி தன் பட்டறைக்குள் வளர்த்து, வெளியே வர அனுமதிக்காத வரைவு, தனக்கான கண்காட்சிக் கூடத்தைத் தானே அமைத்துக்கொண்ட நிகழ்வு அது. வாலன்சியனின் இரண்டு மணி நேரம், கோரோவின் நார்னி, மோனேயின் ‘மோசமான வரைவுகள்’, காஸ்தான்யாரி சுட்டிய ‘அறிவித்தல்’ ஆகியவற்றை ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கையில், நடையில் தொடர்ச்சியும் அதிகாரத்தில் முறிவும் இருப்பது தெளிவாகிறது. அம்முறிவும் ஒரே நாளில் நிகழவில்லை. 1869-க்கும் 1890-க்கும் இடையே ஓவியர்களின் சொந்தச் சொற்களுக்குள்ளேயே மெல்ல நிகழ்ந்தது.

இவ்வுண்மை தமிழ்த் திறனாய்வுக்கும் பொருந்தும் எச்சரிக்கை ஒன்றைக் கொண்டுள்ளது. ‘மனப்பதிவு விமர்சனம்’ என்னும் தொடர் தமிழில் உழைப்பற்ற, முறையற்ற மதிப்பீட்டைக் குறிக்கும் வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. 1861-இல் கோத்தியே அச்சொல்லைப் பயன்படுத்திய பொருளும் ஏறத்தாழ அதுவே. ஒரு படைப்பை முடியாதது என்று ஒதுக்கும்போது, அளவிடப்படுவது படைப்பா, அல்லது முடிவை அறிவிக்கும் தன் உரிமையை ஒரு நிறுவனம் காத்துக்கொள்கிறதா என்று கேட்கும் கடமை திறனாய்வுக்கு உண்டு.